தோல்வி காணாமை என்னும் புகழ்: பயில்வான் காமாவின் வாழ்வும் அதனைத் தாங்கிய புரவலர் மரபும்

முன்னுரை

மல்யுத்த வரலாற்றில் ஒரே இரு வீரர்கள் பதினேழு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை மோதி, முற்றிலும் வேறான இரு முடிவுகளைக் கண்ட நிகழ்வு ஒன்று உண்டு. 1910 செப்டம்பர் 10-ஆம் நாள் இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கில் நடந்த முதற்போர் இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாக நீண்டு வெற்றி தோல்வியின்றி நின்றது. 1928 ஜனவரியில் பட்டியாலாவில் நடந்த இரண்டாம் போரோ ஒரு நிமிடத்திற்குள் முடிந்துபோயிற்று. இரண்டிலும் எதிரெதிரே நின்றவர்கள் பஞ்சாபைச் சேர்ந்த குலாம் முகம்மது பக்ஷ் என்னும் காமாவும், போலந்து இனத்தவரான ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஷ்கோவும் ஆவர்.

காமாவைப் பற்றி வழங்கும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டாம் போரையே அவர் புகழின் உச்சியாகக் காட்டுகின்றன. முதற்போரை முழுமை பெறாத வெற்றி என்று கூறிக் கடந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் ஒருவர் தோல்வியே காணவில்லை என்று நிறுவ முற்படுவோர்க்கு ஒரு நிமிட வெற்றி எளிய சான்றாக அமைவது இயல்பே. ஆயினும், இவ்விரு போர்களும் எத்தகைய களத்தில், எந்த விதிகளின்கீழ், யாருடைய பொருளில் நடந்தன என்பவற்றையும் சேர்த்து நோக்கினால் மதிப்பீடு மாறுகின்றது. காமாவின் ஆற்றலுக்கு வலிய சான்று முடிவுறாத அந்த இலண்டன் போரே என்பதும், அவருடைய புகழும் இறுதிக்கால வறுமையும் சமஸ்தானப் புரவலர் மரபு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

பிறப்பும் முதற்புகழும்

காமா 1878 மே 22-இல் அமிர்தசரஸ் வட்டாரத்து ஜப்போவால் என்னும் சிற்றூரில் பிறந்தார். காஷ்மீர் வழிவந்த இசுலாமியக் குடும்பம் அது. மல்யுத்தம் அக்குடும்பத்தின் வழிவழித் தொழில். தந்தை முகம்மது அஜீஸ் பக்ஷும் பெயர்பெற்ற பயில்வானே. காமா ஆறு வயதுச் சிறுவனாக இருக்கும்போதே அவர் மறைந்தார். தாய்வழிப் பாட்டனாரான நூன் பயில்வானிடம் வளர்ந்த சிறுவன், அவருடைய மறைவுக்குப் பின் உறவினரான ஈதா பயில்வானிடம் பயிற்சி பெறத் தொடங்கினான். காமா என்பது வீட்டார் இட்ட செல்லப்பெயர். பின்னர் உலகம் அறிந்தது அப்பெயரையே.

1888-இல் ஜோத்பூர் மன்னர் ஜஸ்வந்த் சிங் ஓர் உடல்வலிப் போட்டியை நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த நானூற்றுக்கு மேற்பட்ட பயில்வான்கள் அதிற் கலந்துகொண்டனர். ஒருவரையொருவர் வீழ்த்தும் போட்டியன்று அது. பஸ்கி முதலான கடும் உடற்பயிற்சிகளை யார் நெடுநேரம் தாங்கிச் செய்கின்றனர் என்று காணும் போட்டி. பத்து வயதுச் சிறுவனான காமா இறுதிவரை நின்ற பதினைவருள் ஒருவனாக இருந்தான். அவனுடைய வயதைக் கருதி மன்னர் அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். அதன்பின் புந்தேல்கண்டுப் பகுதியைச் சேர்ந்த ததியா சமஸ்தானத்தின் மன்னர் அவனைத் தம் ஆதரவில் ஏற்றுப் பயிற்சி அளிக்கச் செய்தார்.

இந்நிகழ்வு காமாவின் வரலாற்றைக் கூறுவோர் எவரும் விடாது கூறுவது. ஆனால் அதன் உட்பொருள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. காமாவின் முதற்புகழ் எவரையும் வென்று ஈட்டியதன்று. அரசரொருவரின் தீர்ப்பால் வழங்கப்பட்டது. வளர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கூடிய களத்தில் ஒரு சிறுவனின் உடல் நாளை எதுவாக ஆகக்கூடும் என்பதை ஓர் அரசர் கண்டார். மற்றோர் அரசர் அவ்வுடலுக்கு இடமும் உணவும் அளித்தார். அவர் வாழ்வின் போக்கு அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

உடலைப் பேணும் செலவு

வடஇந்திய மல்யுத்தம் அகாடா எனப்படும் பயிற்சிக் களத்தை நடுவாகக் கொண்டது. அங்கே கோதாவின் மண் நாள்தோறும் வெட்டிக் கிளறப்பட்டு, எண்ணெய், மோர், மஞ்சள், காவி முதலியன கலந்து பதப்படுத்தப்படும். உஸ்தாத் எனப்படும் ஆசானின் சொல்லே அங்கு விதி. மண்ணை வெட்டுவதும் பயிற்சியின் பகுதியே. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல், கதை சுழற்றல், கழுத்தில் கல்வளையம் தாங்கல் என உடற்பயிற்சிகள் விரிகின்றன. தமிழர்க்கு இவ்வுலகம் அயலானதன்று. பயில்வான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் நிலைத்தது. தண்டால் என்பதன் முற்பகுதியில் வடபுலத்துச் சொல்லே வாழ்கின்றது. சொற்கள் வந்த வழியே தொழிலின் ஒரு பகுதியும் தெற்கே வந்திருக்க வேண்டும். அது தனியாய்வுக்கு உரியது.

காமா நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கியும் மூவாயிரம் தண்டாலும் எடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. இவ்வெண்களைக் கணக்கெடுப்பாகக் கொள்ளாமல், பெருமையின் அளவைக் குறிக்கும் முழுவெண்களாகக் கொள்வதே பொருத்தம். ஆனால் அவை சுட்டும் வாழ்க்கைமுறை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. விடியுமுன் எழுதல், பல மணி நேரப் பயிற்சி, பின் மண்களத்தில் இளையோர் பலருடன் மாறி மாறிப் பொருதல், பகலில் நெடிய ஓய்வு, மீண்டும் பயிற்சி என்று கழியும் நாளில் வேறு தொழில் செய்ய இடமில்லை. பால், நெய், வாதுமை, இறைச்சி ஆகியவற்றை அவ்வுடல் கேட்கும் அளவு உழவர் வீடொன்று அளித்துவிட முடியாது. ஆகவே பெரும் பயில்வான் என்பவர் வேறொருவருடைய கருவூலத்தின் துணையின்றி இருக்க இயலாதவர்.

அக்கருவூலம் சமஸ்தானங்களிடம் இருந்தது. ததியா, பட்டியாலா, பரோடா, இந்தூர், கோலாப்பூர் எனப் பல அரசுகள் பயில்வான்களைப் பேணின. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா மல்யுத்தத்திற்கென்றே காஸ்பாக் என்னும் பெருங்களத்தை அமைத்தார். போர் தொடுக்கும் உரிமையை ஆங்கில ஆட்சியிடம் இழந்துவிட்ட மன்னர்களுக்குத் தம் பயில்வான் அண்டை அரசரின் பயில்வானை மண்ணில் வீழ்த்துவது எஞ்சியிருந்த வெற்றிகளுள் ஒன்று. இசுலாமியப் பயில்வான்கள் இந்து மன்னரிடத்தும் சீக்கிய மன்னரிடத்தும் இருந்தனர். சமய வேறுபாடு இங்குத் தடையாக நிற்கவில்லை. காமாவின் வாழ்வு முழுவதும் இதற்குச் சான்று. வடஇந்திய மல்யுத்தத்தை விரிவாக ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் ஜோசப் ஆல்ட்டரும் காமாவைச் சமஸ்தான ஆதரவு, நாட்டுணர்வு ஆகிய இரண்டின் சந்திப்பில் வைத்தே நோக்கியுள்ளார்.

ரஹீம் பக்ஷும் பரோடாக் கல்லும்

பதினேழு வயது அளவில் காமா, அக்காலத்தின் தலைசிறந்த பயில்வான்களுள் ஒருவரான குஜ்ரான்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்தார். ரஹீம் பக்ஷ் ஏறத்தாழ ஏழடி உயரம் உடையவர். வயதாலும் பட்டறிவாலும் மூத்தவர். காமாவோ ஐந்தடி ஏழெட்டு அங்குலத்திற்கு மேற்படாதவர். நெடுநேரம் நீண்ட அப்போர் முடிவின்றி நின்றது. பின்வந்த ஆண்டுகளில் மற்றப் பயில்வான்கள் பலரைக் காமா வென்றபோதும், ரஹீம் பக்ஷ் ஒருவர் மட்டும் வெல்லப்படாமலே எஞ்சினார். தோல்வி காணாதவர் என்னும் தொடரில் இத்தகைய முடிவுறாப் போர்களும் அடங்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1902-இல் பரோடாவில் காமா 1200 கிலோ எடையுள்ள கல்லைத் தூக்கினார் என்னும் செய்தி மிகப் பரவலானது. அதற்குரியதாகக் கூறப்படும் கல் பரோடா அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. பல ஆண்கள் சேர்ந்தாலும் எளிதில் அசைக்கவியலாத எடை அது. தனியொருவர் அதனை மார்பளவு உயர்த்தி நடந்தார் என்பது மனித உடலின் எல்லைக்குள் அடங்குவதன்று. கல்லின் ஒரு முனையை நிமிர்த்தியிருக்கலாம், சிறிது பெயர்த்திருக்கலாம். எதுவாயினும், இச்செய்தி காமாவின் வலிமையை அளக்க உதவுவதைக் காட்டிலும், சமஸ்தானங்களிடையே அவர் பெயர் எத்தகைய வியப்போடு வழங்கியது என்பதை அறியவே பெரிதும் உதவும். பிற்கால நூல்கள் இதனை ஐயமின்றி எடுத்தாள்வது வருந்தத்தக்கது. நம்பத்தகாத ஒன்றை முன்னிறுத்துவதால் நம்பத்தக்கவற்றின் மதிப்பும் குறைகின்றது.

இலண்டன், 1910

1910-இல் காமா, தம்பி இமாம் பக்ஷ் முதலிய பயில்வான்களுடன் இங்கிலாந்து சென்றார். பயணச் செலவை ஏற்றவர் சரத் குமார் மித்ரா என்னும் வங்காளச் செல்வர். ஏற்பாட்டாளராக இருந்தவர் ஆர்.பி. பெஞ்சமின் என்பவர். வங்காளப் பிரிவினைக்குப்பின் சுதேசி உணர்வு மேலோங்கியிருந்த ஆண்டுகள் அவை. வங்காளியர் உடல்வலி அற்றவர் என்னும் ஆட்சியாளரின் ஏளனத்திற்கு விடையாக உடற்பயிற்சிக் கழகங்கள் அங்குப் பெருகியிருந்தன. வங்காளச் செல்வர் ஒருவர் பஞ்சாபிப் பயில்வான்களுக்குப் பொருள் செலவிட்டதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள இயலும்.

இலண்டனில் மல்யுத்தம் அரசவைக் கலையாக இல்லை; கேளிக்கை அரங்குகளில் நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்படும் தொழிலாக இருந்தது. எஸ்தோனியாவில் பிறந்த ஜார்ஜ் ஹக்கன்ஷ்மிட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பெரும் வேட்கையைக் கிளப்பியிருந்தார். 1908-இல் சிகாகோவில் அமெரிக்கரான ஃபிராங்க் காட்ச்சிடம் அவர் தோற்றபின், உலகின் முதன்மை வீரர் என்னும் தகுதி காட்ச்சிடம் சென்றது. முன்னரே பேசிமுடித்து நடத்தும் போலிப் போட்டிகளும் பெருகியிருந்தமையால் மக்களிடம் அவநம்பிக்கை வளர்ந்திருந்தது. இச்சூழலில் வந்திறங்கிய காமாவுக்கு உடனே போட்டி அமையவில்லை. அவருடைய உயரக் குறைவு ஏற்பாட்டாளர்களின் கண்ணுக்குப் பெரும் குறையாகத் தோன்றியது. எந்த எடையினராயினும் குறித்த சில நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாகப் பொது அறைகூவல் விடுக்கப்பட்டது. பலர் அதனை விளம்பர உத்தியென்றே எண்ணினர்.

அறைகூவலை முதலில் ஏற்றவர் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர். மருத்துவம் பயின்றவர், காட்ச், ஹக்கன்ஷ்மிட் போன்றோரின் வட்டத்தில் மதிப்புப் பெற்றவர். ஆகஸ்ட் திங்களில் நடந்த அப்போட்டியில் காமா அவரை முதன்முறை 1 நிமிடம் 40 நொடியிலும் இரண்டாம் முறை 9 நிமிடம் 10 நொடியிலும் வீழ்த்தினார். அதன்பின் இமாம் பக்ஷ், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் லெம் என்பவரைச் சில நிமிடங்களில் வென்றார். பின்னாளில் தொகுக்கப்பட்ட பட்டியல்கள் சிலவற்றில் லெம் மீதான வெற்றியும் காமாவின் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. தம்பியின் புகழைத் தமையனுக்கு ஏற்றிய இப்பிழை, புகழ் எவ்வாறு ஒருவரிடமே திரள்கின்றது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்பயணத்தில் காமா இங்கிலாந்தில் நிகழ்த்திய பெரும்போட்டிகள் இரண்டே: ஒன்று ரோலருடன், மற்றொன்று ஸ்பிஷ்கோவுடன்.

யான் ஸ்தானிஸ்லாவ் சிகானியேவிச் என்பது ஸ்பிஷ்கோவின் இயற்பெயர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குட்பட்ட போலந்துப் பகுதியில் பிறந்தவர், கல்வியறிவு மிக்கவர், மொழிகள் பல அறிந்தவர். எடை ஏறத்தாழ 115 கிலோ. காமாவின் எடை ஏறத்தாழ 90 கிலோ. ஜான் புல் என்னும் இதழ் அளித்த வெற்றிப்பட்டையும் 250 பவுன் பணமும் பரிசாகக் குறிக்கப்பட்டன. 1908 ஒலிம்பிக் போட்டிகளுக்கென எழுப்பப்பட்ட பெரிய அரங்கம் போட்டிக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

போர் தொடங்கிய முதல் நிமிடத்திற்குள்ளாகவே காமா ஸ்பிஷ்கோவைக் கீழே கொண்டுவந்தார். அதன்பின் நடந்ததே வரலாற்றில் இடம்பெற்றது. ஸ்பிஷ்கோ மீண்டும் எழுந்து நின்று பொருத முயலவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குப்புறப் படிந்து, தம் பெரும் எடையைத் தரையோடு சேர்த்து, புரட்டவியலாத பாறைபோலக் கிடந்தார். எழுந்தாலும் சில நொடிகளே. மீண்டும் தரையே அவருக்கு அரணாயிற்று. இந்நிலை ஏறத்தாழ 2 மணி 35 நிமிடம் நீடித்தது. பார்வையாளர் சலிப்புற்றனர். இறுதியில் போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டு, ஒரு கிழமை கழித்துச் செப்டம்பர் 17-இல் தொடரும் என அறிவிக்கப்பட்டது. அன்று காமா களத்துக்கு வந்தார்; ஸ்பிஷ்கோ வரவில்லை. பட்டையும் பரிசும் காமாவுக்கு அளிக்கப்பட்டன.

விதிகளின் வேறுபாட்டை இங்கு எண்ணிப்பார்த்தல் வேண்டும். அன்றைய மேலைநாட்டுத் தொழில்முறை மல்யுத்தத்தில் பெரிதும் வழங்கிய கேட்ச்-ஆஸ்-கேட்ச்-கேன் முறையில் எதிரியின் இரு தோள்களையும் விரிப்பின்மேல் அழுத்துவது வெற்றிக்குரிய முதன்மை வழி. தரைப்போர் அதன் உயிர்ப்பகுதி. கோதா மரபிலும் தரைப்பிடிகள் உண்டு. ஆனால் நின்ற நிலையிலிருந்து எதிரியைப் பெயர்த்து மல்லாத்துவதே அதன் சிறப்பு. மண்ணில் வளர்ந்த காமாவுக்கு மெத்தை விரிப்பும் புதிது. மணிக்கணக்கில் படுத்தே தற்காக்கும் எதிரியும் புதிது. அவருக்குப் பயிற்சியில்லாத களத்தில், அவரினும் 25 கிலோ மிகுந்த எதிரி, தம் முழுத்திறனையும் தோல்வியைத் தவிர்ப்பதற்கே செலவிட்டார். உலகின் முன்னணி வீரர் ஒருவர் தம் ஊரையொத்த களத்தில், தமக்குப் பழகிய விதிகளின்கீழ், எழுந்து நிற்பதையே இடர் என்று கண்டார் என்பதுதான் இப்போரின் செய்தி. வேறெந்த வெற்றியைக் காட்டிலும் இது காமாவின் ஆற்றலுக்கு உறுதியான சான்று. அவர் எதிரியை வீழ்த்த இயலவில்லை என்பதும் உண்மையே. அதனை மறைக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ரீனோ நகரில் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் வெள்ளையரான ஜெஃப்ரீஸைக் குத்துச்சண்டையில் வென்றிருந்தார். அதன் விளைவாக எழுந்த இனக்கலவரங்களும், அப்போட்டியின் திரைப்படத்தைக் காட்டலாமா என்னும் விவாதமும் இங்கிலாந்திலும் எதிரொலித்தன. அடுத்த ஆண்டு ஜான்சன் இலண்டனில் ஆங்கிலேயர் ஒருவரோடு மோதவிருந்ததை உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் தலையீடு தடுத்தது. ஆளப்படும் இனத்தவர் ஆளும் இனத்தவரை மக்கள் முன்னிலையில் வீழ்த்துவது வெறும் விளையாட்டாகக் கருதப்படாத காலம் அது. காட்ச்சும் ஹக்கன்ஷ்மிட்டும் காமாவை எதிர்கொள்ளவேயில்லை. அவர்கள் அஞ்சினர் என்று கூறுவதற்குச் சான்று போதாது. பரிசுத்தொகை, பயணம், ஒப்பந்தம் எனத் தொழில்சார்ந்த காரணங்களும் உண்டு. போட்டிகள் அமையாமையால் பயில்வான்கள் நாடு திரும்பினர்.

திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷுடன் காமாவின் இறுதி மோதல் நடந்தது. நெடும்போருக்குப் பின் காமாவே வென்றவராக அறிவிக்கப்பட்டார். ருஸ்தம்-இ-ஹிந்த் என்னும் பட்டமும் அவருடையதாயிற்று. பாரசீகக் காப்பியத் தலைவனான ருஸ்தமின் பெயரால் அமைந்த அப்பட்டம் இந்தியாவின் தலையாய பயில்வானைக் குறிப்பது. பின்னாளில் காமா தம் வாழ்நாளில் சந்தித்த எதிரிகளுள் யார் வலியர் என்று கேட்கப்பட்டபோது ரஹீம் பக்ஷையே சுட்டினார் என்பர். ஸ்பிஷ்கோவையன்று.

பட்டியாலா, 1928

காமாவின் பிற்கால வாழ்வு பட்டியாலாவோடு பிணைந்தது. அதன் மன்னர் பூபிந்தர் சிங் விளையாட்டின்மேல் அளவற்ற வேட்கை கொண்டவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். காமா அவருடைய அவைப் பயில்வானாக விளங்கினார். அவரை எதிர்க்க முன்வருவோர் அரிதாகிவிட்டனர். ஆதலால் பத்தாண்டுக்கும் மேலாகப் பெரும்போட்டி எதுவும் இன்றியே அவர் புகழ் வளர்ந்தது.

இதற்கிடையில் ஸ்பிஷ்கோவின் வாழ்வு வேறு திசையில் சென்றிருந்தது. அவர் அமெரிக்கா சென்று 1921-இல் எட் லூயிஸை வென்று உலக முதன்மை வீரரானார். அதற்குள் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் பெரும்பாலும் முன்னேற்பாட்டின்படி நடக்கும் காட்சியாக மாறிவிட்டது. 1925 ஏப்ரலில் பிலடெல்பியாவில், கால்பந்து வீரராக இருந்து மல்யுத்தத்திற்கு வந்த வெய்ன் மன் என்பவரிடம் ஸ்பிஷ்கோ தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவரோ ஏற்பாட்டை மீறி மன்னை மீண்டும் மீண்டும் உண்மையாகவே வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். நாற்பத்தைந்தைக் கடந்த நிலையிலும் மெய்ப்போரில் அவர் எத்தகையவர் என்பதை இந்நிகழ்வு காட்டும். மூன்றாண்டுக்குள் இவர்தாம் பட்டியாலாவுக்கு வந்தார்.

போட்டி மண்களத்தில், இந்திய முறையில் நடந்தது. மன்னரும் ஆயிரக்கணக்கான மக்களும் சூழ்ந்திருந்தனர். கைகலந்த சில நொடிகளிலேயே காமா ஸ்பிஷ்கோவை மல்லாத்தினார். இலண்டனில் அவர் பற்றிக்கொண்ட தரை அரணை இங்கு நாட அவகாசமே கிடைக்கவில்லை. காமாவுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கியிருந்தது. ஸ்பிஷ்கோவும் ஏறத்தாழ அவ்வயதினரே.

இவ்வெற்றியின் விரைவு வியப்புக்குரியது. எனினும் சான்று என்ற முறையில் இது இலண்டன் போருக்கு ஈடாகாது. களம் காமாவுடையது, விதி காமாவுடையது, அழைத்தவரும் பொருள் தந்தவரும் காமாவின் புரவலர். இலண்டனில் அயலான களத்தில் நின்ற காமா வீழ்த்தப்படவில்லை என்பதோடு, எதிரி இரண்டாம் நாள் வரவே இல்லை. பட்டியாலாவில் அயலான களத்தில் நின்ற ஸ்பிஷ்கோ ஒரு நிமிடமும் தாங்கவில்லை. இரண்டையும் அருகருகே வைக்கும்போதே ஒப்பீடு நிறைவுபெறும். பட்டியாலாவை மட்டும் தனித்தெடுத்துக் கொண்டாடுவது அரைச் சான்றைக் கொண்டாடுவதாகும்.

1929 பிப்ரவரியில் ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பவரை இரண்டு நிமிடத்திற்குள் வென்றதே காமாவின் கடைசிப் பெரும்போட்டி. ஐயாயிரம் போட்டிகளில் தோல்வியே காணாதவர் என்று இன்று எழுதப்படுகின்றது. ஐம்பது ஆண்டுத் தொழில்வாழ்வு என்று கொண்டாலும் கிழமைக்கு இரண்டு போட்டி வீதம் இடையறாது நடந்திருந்தாலன்றி அவ்வெண் எட்டாது. அவருக்கு எதிரிகளே கிடைக்காமல் கழிந்த நெடிய ஆண்டுகளை நோக்க, அது பொருந்தாக் கணக்கு. பயிற்சிக் களத்து அன்றாடப் பிடிகளையும் சேர்த்து எண்ணினாலன்றி அதற்குப் பொருளில்லை.

பிரிவினைக்குப் பின்

பூபிந்தர் சிங் 1938-இல் மறைந்தார். 1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. பட்டியாலா உள்ளிட்ட கிழக்குப் பஞ்சாபிலிருந்து இசுலாமியர் பெருந்தொகையாக வெளியேற நேர்ந்தது, எண்ணற்றோர் கொல்லப்பட்டனர். காமா இலாகூரில் வாழ்ந்தார். அங்கே மோனி சாலைப் பகுதியில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களைக் கலவரக்காரர்களிடமிருந்து அவர் தாமே முன்னின்று காத்து, எல்லை கடக்கும்வரை துணைநின்றார் என்று நினைவுகூரப்படுகின்றது. கொலை மலிந்த அந்த நாள்களில், ஒருவருடைய உடல்வலிமைக்கு ஊரார் அஞ்சியது வேறு சிலரின் உயிருக்குக் காப்பாக அமைந்தது.

அவரைப் பேணிய ஏற்பாடு எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. நின்றுவிட்டது மட்டுமன்று, சமஸ்தானம் என்னும் அமைப்பே இந்தியாவில் கரைந்துகொண்டிருந்தது. புதிய நாடுகள் இரண்டுக்கும் பயில்வானைப் பேணுவது அரசின் கடமையாகத் தோன்றவில்லை. நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் காட்சி மல்யுத்தம் பரவலாயிற்று. தமிழகத்திலும் மக்கள் வாயில் வழங்கிய தாராசிங், கிங்காங் ஆகியோரின் பெயர்கள் அப்புதிய வழியைச் சார்ந்தவை. அவ்வழியில் செல்ல எழுபதை நெருங்கிய காமாவுக்கு வயதில்லை. வேறு தொழிலும் அவர் கற்றிருக்கவில்லை. ஆண்மக்கள் இளமையிலேயே இறந்துபோயினர். இதய நோயும் மூச்சுத் தடையும் சேர்ந்து வருத்தின. வறுமைச் செய்தி பரவியபோது, மல்யுத்தத்தில் ஆர்வமுடையவரான இந்தியத் தொழிலதிபர் கன்ஷியாம்தாஸ் பிர்லா 2000 ரூபாய் அனுப்பியதோடு திங்கள்தோறும் 300 ரூபாய் உதவித்தொகையும் வழங்கினார். பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவுக்கு உதவியது. மன்னர் போனபின் வணிகர் புரவலரானார். உதவி எல்லையைக் கடந்து வந்தது என்பது குறிக்கத்தக்கது. ஆனால் அது முதுமைக்கான உதவியே, கலைக்கான கொடையன்று. 1960 மே 23-இல் இலாகூரில் காமா காலமானார். பாகிஸ்தான் தலைமை அமைச்சராக இருந்த நவாஸ் ஷெரீபின் மனைவி குல்சூம் அவருடைய மகள்வழிப் பேத்தி ஆவார்.

மல்யுத்த மரபு தம்பி இமாம் பக்ஷின் மக்கள்வழித் தொடர்ந்தது. மூத்தவரான போலு பாகிஸ்தானின் முதன்மைப் பயில்வானாக விளங்கினார். அவர் தம்பி அக்ரம் 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானியரான அந்தோனியோ இனோக்கியுடன் மோதிக் கை முறிந்து தோற்றார். மண்களத்தில் பயின்றவர் அயல்விதிகளின்கீழ் அயலான தரையில் இறங்கிய அப்போட்டி, 1910-ஐ நினைவூட்டுவது. முடிவு மட்டும் நேர்மாறானது.

காமா இறந்த மறு ஆண்டு, 1961-இல், இந்திய அரசு பட்டியாலா மன்னரின் பழைய மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. காமா பஸ்கி எடுக்கும்போது கழுத்தில் தாங்கியதாகக் கூறப்படும் 95 கிலோ எடையுள்ள வளையம் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.